ஒப்புக்குச் சப்பாணிக்கு எத்தனை பிட்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா மகளுக்கு ஒன்பது வயது. செஸ் கற்றுக்கொண்டு இரண்டு மாதம் ஆகிறது. நான் கல்லூரி அணியில் ஆடியவன். ஒழுங்காக ஆடினால் அழுகிறாள். வேண்டுமென்றே தோற்றால், அதைக் கண்டுபிடித்து அதற்கும் அழுகிறாள். அறிவியல் என்ன சொல்கிறது?"

அழுகையை நிறுத்த அறிவியலிடம் மருந்து இல்லை. ஆனால் இரண்டு அழுகைக்கும் காரணம் ஒன்றே என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டலாம்.

நம் தெருப் பிள்ளைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஒப்புக்குச் சப்பாணி. அடம்பிடித்து வந்த தம்பியை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஓடலாம், தொடலாம். ஆனால் அவனுக்கும் அவுட் கிடையாது, அவன் தொட்டவர்களுக்கும் அவுட் கிடையாது. முதல் பத்து நிமிடம் அவனுக்கு ஒரே கொண்டாட்டம். அப்புறம் பார்த்தால், ஓரமாக உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான். அவன் என்ன செய்தாலும் ஆட்டம் அசையாது என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது.

இந்தச் சலிப்பை அளக்க ஒரு கோல் உண்டு. 1948-ல் கிளாட் ஷானன் தகவலுக்கு ஓர் அலகு வைத்தார்: பிட். பரீட்சைக்குச் சுருட்டிக்கொண்டு போகும் பிட் அல்ல. பூவா தலையா என்று நாணயத்தைச் சுண்டி, விழுந்ததைப் பார்க்கும்போது நமக்குக் கிடைக்கும் தகவல் சரியாக 1 பிட். முன்கூட்டியே ஊகிக்க முடிந்த அளவுக்கு அது குறையும்.

செஸ்ஸில் ஆட்டக்காரர்களின் பலத்தை அளப்பது அர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த புள்ளிமுறை. இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் என்றால், பலசாலிக்கு 11-ல் 10 வெற்றி. டிராவை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், அப்படிப்பட்ட ஆட்டத்தின் முடிவில் இருப்பது 0.44 பிட். வித்தியாசம் 800 ஆனால் 101-ல் 100 வெற்றி, தகவல் 0.08 பிட். ஏறக்குறைய பன்னிரண்டு ஆட்டம் ஆடினால்தான் ஒரு நாணயச் சுண்டலுக்கு ஈடாகும். ஒப்புக்குச் சப்பாணிக்கு? சுழியம். மாமா வேண்டுமென்றே தோற்கும் ஆட்டத்துக்கும் அதே சுழியம்தான். முடிவை எழுதியது யார் என்பதில்தான் வேறுபாடு.

பழைய காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ஐந்து கிலோ படிக்கல், மறு தட்டில் ஒரு கத்தரிக்காய். முள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். கத்தரிக்காய் பிஞ்சா முற்றலா என்று அந்தத் தராசுக்குத் தெரியாது. தட்டுகள் சமமாகும்போதுதான் ஒரு பச்சை மிளகாய்க்கும் முள் நடுங்கும். அவள் இன்று புதிதாகக் கற்ற ஒரு நகர்த்தல்தான் அந்த மிளகாய். ஆக, லேசான தட்டில் எல்லோரும் பார்க்கப் படிக்கல் வைப்பது சலுகை. மேசைக்கடியில் கையை விட்டுத் தட்டை இழுப்பது வேண்டுமென்றே தோற்பது. தப்பாக நகர்த்தியதைத் திரும்ப எடுக்க விடுவது கொசுறுக் கறிவேப்பிலை. சுற்றி நின்று யோசனை சொல்லும் தாத்தா, தராசுமேல் அடிக்கும் காற்று. இதற்கு மேல் இழுத்தால் கயிறு அறுந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

படிக்கல்லை அழகாகச் செதுக்கியவர்கள் கோ ஆடுபவர்கள். கறுப்பு வெள்ளைக் கற்களை வெற்றுப் பலகையில் வைத்து இடம் பிடிக்கும் ஆட்டம் அது. ஒரு படி குறைந்தவருக்கு முதலில் ஆடும் உரிமை. இரண்டு படி குறைந்தவருக்கு, ஆட்டம் தொடங்கும் முன்பே பலகையில் இரண்டு கல். இப்படி ஒன்பது கல் வரை போகும். அதில் அவமானம் இல்லை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான லீ செடால், 2019 டிசம்பரில் ஓய்வுபெறும்போது ஹான்டோல் என்ற கணினி நிரலோடு மோதினார். இரண்டு கல் வாங்கிக்கொண்டு முதல் ஆட்டத்தை வென்றார். சமமாக ஆடியதில் தோற்றார். மறுபடி இரண்டு கல் வாங்கியும் மூன்றாவதில் தோற்றார். முள் எங்கே நடுங்குகிறது என்று ஊகிக்க மூன்று ஆட்டம் போதுமானதாக இருந்தது.

சலுகை கொடுப்பதில் செஸ்ஸுக்கும் வரலாறு உண்டு, சொல்லித்தான் ஆக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் குதிரையையோ யானையையோ எடுத்து வைத்துவிட்டு ஆடுவது மேதைகளின் வழக்கம். அமெரிக்கர் பால் மார்ஃபி அதில் பேர்போனவர். அவ்வளவு போதும்.

கற்பவருக்கு எவ்வளவு சவால் தேவை என்ற கேள்வியை வைத்துக் கடை விரிப்பவர்களும் இருக்கிறார்கள். 85 சதவீதம் சரியாகச் செய்யும்போதுதான் மூளை நன்றாகக் கற்கும் என்று 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. உடனே அது பிள்ளை வளர்ப்பு விதியாகிவிட்டது. அந்த எண் பிறந்தது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒருவகைக் கற்றல் நிரல்களுக்கான கணக்கில். அக்கா மகள் நிரல் அல்ல. என் பிட் கணக்குக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்: அது ஆட்டத்தின் முடிவில் உள்ள தகவலை அளக்கிறது, அவள் மகிழ்ச்சியை அளப்பதில்லை.

எனவே வாசகரே, உங்கள் ராணியை எடுத்து வைக்காதீர்கள். ராணி இல்லாத எதிரியோடு ஆடிப் பழகியவளுக்கு ராணியைச் சமாளிக்கத் தெரியாது. நேரத்தில் சலுகை கொடுங்கள்: அவளுக்கு இருபது நிமிடம், உங்களுக்கு இரண்டு. அவள் ஆடுவது முழு செஸ். பாரம் உங்கள் தலையில் மட்டும். தொடர்ந்து மூன்று ஆட்டம் ஒருவரே வென்றால், கடிகாரத்தை ஒரு படி மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆட்டம் தொடங்கியபின் தயவுதாட்சண்யம் வேண்டாம். நீங்கள் தோற்றால், அது உண்மையாகவே தோற்றதாக இருக்கட்டும்.