பாவம்: ஒரு சொல், இரண்டு அர்த்தம்

தமிழில் 'பாவம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். 'அவன் செஞ்ச பாவம் அவனைச் சும்மா விடாது' என்கிறபோது அது குற்றம். 'ஐயோ பாவம், அந்தப் புள்ள' என்கிறபோது அதே சொல் இரக்கம். மந்தைவெளியில் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டையும் கேட்டுவிடலாம். தீர்ப்பும் இரக்கமும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கிற மொழி நம்முடையது. குற்றவுணர்வில் அழுந்திக் கிடக்கிற ஒருவருக்குக் கிறிஸ்தவம் தருவதாகச் சொல்லும் இரக்கம் எப்படிப்பட்டது என்ற கேள்வியை இங்கிருந்தே தொடங்கலாம்.

1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அதை வெளியிட்ட ஹென்ரிக்கஸ் பாதிரியார் 1580-ல் கொச்சியில் அச்சிட்டது பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. அச்சுத் தமிழ் முதன்முதலில் பேசப் பழகிய விஷயங்களில் ஒன்று, தன் குற்றத்தைத் தானே எண்ணிப் பார்ப்பது. சாவான பாவங்களை வகை பிரித்து, எத்தனை முறை என்றும் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1551-ல் விதித்திருந்தது. முப்பது வருஷத்துக்குள் அந்தக் கணக்கு முத்துக்குளித்துறைப் பரதவரின் மொழிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இதை ஃபூக்கோ 1976-ல் வேறொரு கோணத்தில் பார்த்தார். மனிதனைப் பேசவைத்து, அவனைப் பற்றிய உண்மையை அவன் வாயாலேயே உற்பத்தி செய்கிற அதிகாரத்தின் உத்தி அது என்றார். கேட்பவர் மௌனமாக இருப்பார். அதிகாரம் அவர் பக்கம். இந்த விமர்சனத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அது பாதியைத்தான் விளக்குகிறது. கேட்கிறவரால் ஒரு மனிதன் நொறுங்கவும் முடியும், எழுந்திருக்கவும் முடியும். இந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது?

யூதாஸையும் பேதுருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மத்தேயு நற்செய்தியின்படி, யூதாஸ் மனம் வருந்துகிறான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று வாய்விட்டு ஒப்புக்கொள்கிறான். வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பித் தருகிறான். மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தருகிற மூன்றும் அவனிடம் இருக்கின்றன. ஆனால் அவன் போய் நின்றது தலைமைக் குருக்களிடம். 'அது உன் பாடு' என்கிற தொனியில் அவர்கள் கைகழுவிவிடுகிறார்கள். அவன் போய்த் தூக்குப் போட்டுக்கொள்கிறான்.

பேதுரு மூன்று முறை மறுதலித்தவன். எவரிடமும் அறிக்கையிட்டதாகக் கதையில் இல்லை, அழுதான், அவ்வளவுதான். ஆனால் மற்ற சீடர்களோடு இருந்தான், அவர்களோடு மீன்பிடிக்கப் போனான். யோவான் நற்செய்தியில் இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, அவர்களுக்கு முதலில் அப்பமும் மீனும் தருகிறார். சாப்பாடு முடிந்த பிறகுதான் கேள்வி. அதுவும் 'ஏன் அப்படிச் செஞ்சே?' என்று இல்லை. என்மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று கிடைக்கிறது. இரக்கம் இங்கே முந்திக்கொண்டு வருகிறது. தகுதி பார்த்து வரவில்லை. வந்த பிறகு சும்மாவும் விடவில்லை, பிறருக்கான பொறுப்பைக் கையில் கொடுக்கிறது.

குற்றவுணர்வு பெரிய ஒழுக்கம் மாதிரித் தோன்றும். 'நான் எப்படி இதைச் செஞ்சேன், எனக்கு மன்னிப்பே கிடையாது' என்று அது தன்னையே சுற்றிவரும். பாதிக்கப்பட்டவர் அந்த வாக்கியத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1995 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தில், பஸ்ஸிலிருந்து இழுத்துக் குத்திக் கொல்லப்பட்டார் ராணி மரியா என்ற கன்னியாஸ்திரி. கேரளத்துக்காரர். வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து ஆதிவாசிகள் விடுபட உழைத்தவர். கொன்ற சமுந்தர் சிங் ஆயுள் தண்டனை பெற்றார். 2002-ல் ராணி மரியாவின் தங்கையும் கன்னியாஸ்திரியுமான செல்மி பால் சிறைக்குப் போய் அவர் கையில் ராக்கி கட்டினார். குடும்பத்தின் வேண்டுகோளும் சேர, 2006-ல் அவர் விடுதலையானார். பிறகு கேரளத்துக்கு வந்து குடும்பத்தாரைச் சந்தித்தார். தான் பிறரால் தூண்டிவிடப்பட்டதாகவும் சொன்னார். இரக்கம் அவர் வாயை அடைக்கவில்லை, திறந்தது. தண்டனைக்குப் பயந்தவன் மறைப்பான். ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்கு மறைக்கக் காரணம் இல்லை.

அப்படியானால் நீதி? ஒடுக்குகிறவனுக்கு மலிவான மன்னிப்பும் ஒடுக்கப்பட்டவனுக்குப் பொறுமை உபதேசமும்தானா என்று நம் நண்பர்கள் கேட்பார்கள். கேட்கவே வேண்டும். வடக்கன்குளம் கோயிலுக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிபட்டது. அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டுதான் இருந்தது. சுவரைப் பாவமாகச் சொல்ல அந்தக் கணக்கில் பத்தி இல்லை. ஊர்கூடிச் செய்கிற குற்றம் எந்தத் தனிமனிதனின் பட்டியலிலும் ஏறாது. தலித்துகளுக்கு எதிரான பாகுபாடு கடுமையான சமூகப் பாவம் என்று இந்திய ஆயர்கள் தங்கள் கொள்கை அறிக்கையில் எழுதியது 2016-ல்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தமிழ்க் கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தை 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். குறளில் 'ஒப்புரவறிதல்' என்றே ஒரு அதிகாரம் இருக்கிறது. ஊரோடு சேர்ந்து வாழ்கிறவனின் கடமையைச் சொல்வது. பெயர் மாறியதை முழுசாக எடுத்துக்கொண்டால், கூண்டுக்குள் கடவுளோடு மட்டும் தீர்த்துக்கொள்கிற விஷயமாக இது இருக்க முடியாது. யாரைக் காயப்படுத்தினோமோ அவர்களிடம் போக வேண்டியிருக்கும். அவர்கள் மன்னிக்காமலும் போகலாம்; அது அவர்கள் உரிமை.

மந்தைவெளியிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் சாந்தோம். தோமாவின் கல்லறைமேல் எழுந்ததாக மரபு சொல்கிற கோயில். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர் அந்தத் தோமா. உயிர்த்தெழுந்தவர் அவர்மேல் கோபப்படவில்லை, காயத்தைக் காட்டினார். உயிர்த்தெழுந்த உடலிலும் காயம் ஆறி மறைந்துவிடவில்லை என்கிறது கதை. காயத்தை மறைத்துத் தருகிற மன்னிப்பை நாம் சந்தேகிக்கலாம், தோமாவே சந்தேகித்திருப்பார்.