கொட்டியும் தூர்வாரலும்

கண்மாயைத் தூர்வாருவது நல்ல காரியம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இருந்ததில்லை. அந்த ஒருமித்த கருத்தைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். காரணம் ஒரு செடி: கொட்டி.

ஆலங்குடிப் பக்கம் ஒரு கண்மாயில் பொக்லைன் இறங்கியிருந்தது. வண்டலை ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் வரிசையாகப் போயின. கரையில் நின்ற ஆத்தா ஒருவர், "கொட்டிக்கெழங்கையும் சேத்துல்ல அள்ளிட்டுப் போறானுவ" என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான். சின்ன வயசில் இல்லாத காலத்துக்கு அவித்துத் தின்ற கிழங்காம்.

கொட்டி ஆழம் குறைந்த நீரில் வளர்வது. நீண்ட இலைகள் மேலே மிதக்கும். நீருக்கு மேலே ஒற்றைக் கதிராகச் சின்னச் சின்னப் பூக்கள். தண்ணீர் வற்றினால் இலை காய்ந்து காணாமல் போய்விடும். கிழங்கு மட்டும் சேற்றுக்குள், பிறகு வெடித்த மண்ணுக்குள், அடுத்த மழை வரை கிடக்கும். கோடையில் நாம் 'செத்த கண்மாய்' என்று சொல்வது உண்மையில் உறங்குகிற கண்மாய். நம் பார்வைக்குத் தண்ணீர் மட்டும்தான் உயிர் என்பதால் வறண்ட தரை வெறும் மண்ணாக, கனமீட்டர் கணக்காக மாறிவிடுகிறது. தூர் என்ற சொல்லுக்கே செடியின் அடிவேர் என்றொரு பொருளும் உண்டு என்பதை மறந்துபோனோம்.

ஔவையின் மூதுரை இதைத் தெரிந்து வைத்திருந்தது. குளம் வற்றியதும் பறந்துபோகும் பறவைகள் ஒரு பக்கம். மறுபக்கம் குளத்தோடே கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல். பள்ளிக்கூடத்தில் நாம் அதை உறவு பற்றிய நீதியாக மட்டும் மனப்பாடம் செய்தோம். அது ஒரு நீர்நிலையைக் கூர்ந்து பார்த்தவரின் அவதானிப்பும்கூட என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

தாவரவியலில் இதன் பெயர் அபோனோகெட்டான் நேட்டன்ஸ். இத்தாலியில் உள்ள அபோனோ வெந்நீர் ஊற்றுக்கு 'அண்டை வீட்டுக்காரர்' என்று அர்த்தம். அதுவும் முதலில் வேறொரு நீர்ச்செடிக்கு வைத்த பெயர். இதன் சொந்தக்காரச் செடி ஒன்று, அபோனோகெட்டான் சதாரென்சிஸ், மகாராஷ்டிரத்தின் சத்தாரா மலைமேட்டில் வளர்கிறது. 1982இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது, அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது. நம்முடையது இந்தியாவிலும் இலங்கையிலும் பரவிக் கிடப்பதால் சிவப்புப் பட்டியலில் கவலைக்குரியதல்ல. உலக அளவில் சரிதான். ஆனால் 'அரிது' என்பதை யார், எந்த அளவுகோலால் தீர்மானிப்பது? ஒரு ஊரின் கடைசிக் கொட்டி போனால் அந்த ஊருக்கு அது அற்றுப்போன இனமே. பட்டியலில் அதற்குக் கட்டம் கிடையாது.

2017இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியது. அதே ஆண்டில் விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுக்கவும் அனுமதி வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு இளைஞர்கள் தாங்களாகவே குளங்களில் இறங்கினார்கள். இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை; வரத்துவாரியை அடைத்த தைலமரக் காடுகளை விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் நோண்டுவதைத்தான் சொல்கிறேன். அதைவிட முக்கியம், நோண்டுகிற விதம். இயந்திரம் கண்மாயைக் கிண்ணம் மாதிரி ஆக்குகிறது: செங்குத்தான கரை, சமமான ஆழம். கொட்டிக்கு வேண்டிய சரிவான, முழங்கால் ஆழ ஓரம் அதில் இல்லை. போதாததற்கு மீன் குத்தகையில் புல்கெண்டை விட்டால் அது மிச்சமிருக்கிற செடியையும் மேய்ந்துவிடும்.

செய்யக்கூடியது சின்னதுதான். நீர் நுழையும் பக்கத்துச் சரிவை ஒரு பங்கு தொடாமல் விடலாம். மண் அள்ளும் முன்பு ஊர்ப் பெண்களிடம் எங்கே கொட்டி கிடக்குதுன்னு கேட்டு, அந்த இடத்தில் குச்சி நட்டு வைக்கலாம். எடுக்க வேண்டியே வந்தால் கிழங்கைத் தனியாகச் சேகரித்து ஈரச் சேற்றில் வைத்து, மழைக்குப் பிறகு திருப்பி ஊன்றலாம்.

அந்த ஆத்தாவிடம் அப்புறம் போனேன். "இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன். கண்மாயைக் காட்டவில்லை, பக்கத்து ஊருணிப் பக்கம் கையை நீட்டினார். அங்கே அடுத்த கோடையில் வேலை நடக்கப் போகிறதாம்.