உங்களுக்குத் தெரியுமா? புகைபோக்கிக்குள்ளும் தீப்பிடிக்கும்!

1834 அக்டோபர் 16. லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. கருவூலத்தில் கணக்கு வைக்கப் பயன்பட்ட பழைய மரக்குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்குக் கீழேயிருந்த உலைகளில் பகல் முழுக்கத் திணித்து எரித்திருந்தார்கள். சுவருக்குள் ஓடிய புகைவழிகள் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. மாலையில் தீ வெளியே பாய்ந்தது.

குளிர்நாட்டு வீடுகளின் விறகடுப்பில் ஆபத்து வேறு விதமாக வருகிறது. ஈர விறகின் புகை, புகைபோக்கியின் குளிர்ந்த குழாய் உட்சுவரில் கிரியோசோட் என்ற தார்போன்ற கறையாகப் படியும். அது பற்றிக்கொண்டால் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும்! சில சமயம் ரயில் ஓடுவதுபோல உறுமல் கேட்கும். பல சமயம் சத்தமே இல்லாமல் எரிந்து அணைந்துவிடும். இதுதான் மிக மோசம். குழாய் விரிசல் விட்டது தெரியாமல் மறுநாளும் அடுப்பு மூட்டுவார்கள்.

புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம். விறகைப் பிளந்து, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவைப்பது அவசியம்.

உறுமல் கேட்டால் அடுப்பின் காற்றுவழியை மூடிவிட்டு, எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். கொதிக்கும் குழாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. நொடியில் பெருகும் நீராவி குழாயைப் பிளந்துவிடும்.