குணமாக்க முடியாத பிள்ளைக்கும் செய்ய வேண்டியவை பல

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்." இச்சொல்லைக் கேட்டுத் திரும்பிவரும் பெற்றோரைக் கிராமங்களில் நாம் சந்திக்கின்றோம். புற்றுநோய் முற்றிய பிள்ளைகள், தசைகள் நாளுக்கு நாள் தேயும் பிள்ளைகள், பிறப்பிலேயே மூளையோ இருதயமோ கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் ஆகியோரில் சிலரது நோயை இன்றைய மருத்துவத்தாலும் மாற்ற முடிவதில்லை. ஆனால் நோயை மாற்ற முடியாது என்பது ஒன்று. பிள்ளைக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது வேறொன்று. முன்னது உண்மையாக இருக்கலாம். பின்னது ஒருபோதும் உண்மையல்ல.

இத்தகைய பிள்ளைகளுக்கான கவனிப்பை நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்பர். பிள்ளையின் உடல், உள்ளம், ஆன்மா மூன்றையும் பேணுவதும் குடும்பத்தைத் தாங்குவதும் இதில் அடங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998 இல் வரையறுத்தது. இது கடைசி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. நோய் இன்னதென்று தெரிந்த அன்றே தொடங்கி, சிகிச்சையோடு சேர்த்தே நடக்க வேண்டியது.

ஒரு சிறுமி தந்த பாடம்

இங்கிலாந்தில் 1978 இல் ஹெலன் என்ற இரண்டு வயதுச் சிறுமியின் மூளையில் கட்டி கண்டறியப்பட்டது. சத்திரசிகிச்சை செய்யப்பட்டும் மூளை கடுமையாகப் பாதிப்புற்றது. பெற்றோர் அவளை வீட்டிலேயே வைத்துப் பராமரித்தனர். முன்பு தாதியாகப் பயிற்சி பெற்ற ஆங்கிலிக்கன் துறவியான சகோதரி பிரான்சிஸ் டொமினிக்கா அக்குடும்பத்துடன் நட்புக் கொண்டார். இடைக்கிடை சில நாட்கள் ஹெலனைத் தமது மடத்தில் வைத்துப் பராமரித்து, பெற்றோருக்கு ஓய்வு கொடுத்தார். அந்த உதவியிலிருந்தே, 1982 இல் ஒக்ஸ்போர்ட் நகரில் எட்டுப் பிள்ளைகளுக்கான ஹெலன் இல்லம் பிறந்தது. உலகில் சிறுவருக்கென எழுந்த முதல் ஆதரவு இல்லம் அதுவே.

அதன் வேர் பெரிய கட்டடமோ விலையுயர்ந்த இயந்திரமோ அல்ல. களைத்துப்போன தாயிடமிருந்து பிள்ளையைச் சில நாட்கள் வாங்கிக்கொண்ட ஒரு கையே அதன் வேர்.

இடம்பெயர்ந்தோர் இழந்த துணை

சொந்த ஊரில் பிள்ளைக்கு வருத்தம் என்றால் அம்மம்மா பக்கத்தில் இருப்பா, சின்னம்மா சமைப்பா, அயலவர் ஆஸ்பத்திரிக்குத் துணை வருவர். இடம்பெயர்வு எம்மிடமிருந்து காணியையும் கிணற்றையும் மட்டும் பறிக்கவில்லை. இந்தத் துணைகளையும் சிதறடித்தது. ஆகவே புதிய இடத்தில் தாய் தனியே விழித்திருக்கிறாள். தகப்பன் கூலி வேலையை விட்டால் அன்றைய அடுப்பு எரியாது.

இத்துணையை நாமே மீண்டும் கட்டியெழுப்பலாம். கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்னர் ஊர்த் தொண்டர்களின் கைகளுக்கு வந்தது. சாதாரண அயலவர்கள் பயிற்சி பெற்று, தாதியருடன் சேர்ந்து வீடு வீடாகச் செல்கின்றனர். 2008 இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கையொன்றையும் வகுத்தது.

வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பாய்ச்சத் தெரிந்தவர்கள் நாம். நான்கு ஐந்து குடும்பங்கள் கூடி முறைவைத்தால், வாரத்தில் ஒரு பகலாவது அந்தத் தாய் நித்திரை கொள்ளலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. நோவைச் சகிக்க விடாதீர்கள். மிதமான நோவுக்கும் கடும் நோவுக்கும் மோர்பின் நல்ல மருந்து. வைத்தியர் பிள்ளையின் நிறைக்கேற்ப அளவு குறிப்பார். நோவு வரும்வரை காத்திராமல், குறித்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். நோவுக்காக வைத்தியர் சொன்னபடி கொடுக்கும்போது பிள்ளை போதைக்கு அடிமையாகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேளுங்கள். பெரியவர்களின் குளிசையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

2. எழும்ப முடியாத பிள்ளையை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வராது காக்கலாம். படுத்தபடி ஊட்டாமல், நிமிர்த்தி இருத்திச் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். உதடு காய்ந்தால் ஈரத்துணியால் ஒற்றுங்கள்.

3. பிள்ளை கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பெரியவர்கள் மறைப்பதைப் பிள்ளைகள் முகத்திலேயே கண்டுகொள்வர். மறைக்கும்போது பிள்ளை தன் பயத்தோடு தனியே இருக்கின்றது. வயதுக்கு ஏற்ற சொல்லில், கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள்.

4. அண்ணன், அக்கா, தம்பி, தங்கையை மறவாதீர்கள். தம்மால்தான் வருத்தம் வந்ததென்று சில பிள்ளைகள் உள்ளுக்குள் நினைப்பதுண்டு. அப்படியல்ல என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

5. மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் புற்றுநோய்க்கு இலவசச் சிகிச்சை உண்டு. இடம் மாறினாலும் கிளினிக் கொப்பியைக் கைவிடாதீர்கள். புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் நிலையை உடனே தெரிவியுங்கள்.

சாபம் அல்ல

"யார் செய்த பாவமோ", "முன்வினையோ" என்ற பேச்சு பெற்றோரின் நெஞ்சில் இரண்டாவது புண். பிறவிக் குருடனைக் காட்டி இதே கேள்வியைச் சீடர்கள் கேட்டபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்றே இயேசு பதிலளித்தார். நாமும் அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பேசாமல் அருகில் இருப்போம். ஒரு குடம் தண்ணீர் அள்ளி வைப்போம்.

பிள்ளை இறந்த பின்பும் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் முடிந்ததும் முற்றம் வெறிச்சோடும். துக்கம் கனப்பது அதன் பிறகுதான். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதன் குறும்பைச் சொல்லிப் பேசுங்கள். தம் பிள்ளையை ஊர் மறக்கவில்லை என்பது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் குடியிருப்பில் இத்தகைய பிள்ளை ஒன்று இருக்கிறதா? அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில், அல்லது கமக்காரர் கூட்டத்தில், யார் எந்த நாளில் அந்த வீட்டுக்குப் போவது என்பதை முதல் விடயமாக எடுத்துத் தீர்மானியுங்கள்.