இணையதளத்துக்கும் பட்டா உண்டு... அது யார் பெயரில் இருக்கிறது?

‘மரச்செக்கு எண்ணெய், பாரம்பர்ய அரிசி இரண்டையும் வாட்ஸ்அப் மூலம் விற்கிறோம். சொந்தமாக இணையதளம் தேவையா? எவ்வளவு செலவாகும்? யாரை நம்பிக் கொடுப்பது?’

மதிப்புக்கூட்டி விற்கும் விவசாயிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. சிறுதொழில் செய்பவர்களுக்கு இணையதளம் அமைத்து, பராமரித்துக் கொடுப்பதுதான் என் தொழில். இடம், சென்னை மண்ணூர்பேட்டை. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை என்பதால், ஆரம்பத்தில் லேத் பட்டறைக்காரர்களும் அச்சகக்காரர்களும்தான் வந்தார்கள். பிறகு, திருவள்ளூர், ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து விவசாயிகளும் வர ஆரம்பித்தார்கள். பதிலுக்கு முன்பாக, நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். அதில்தான் பாதி பதில் இருக்கிறது.

கைவிட்டுப் போன முகவரி

தொழில் தொடங்கிய புதிதில், கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு விவசாயிக்குத் தளம் அமைத்துக் கொடுத்தேன். அவருக்கு மின்னஞ்சல் கிடையாது. ‘அவரை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்’ என்று, ‘டொமைன்’ எனப்படும் இணைய முகவரியை என் மின்னஞ்சலைக் கொடுத்து, என் கணக்கிலேயே பதிவு செய்தேன். அதைக் காலம் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடம் என் வங்கி அட்டை காலாவதியாகி, பணம் போகவில்லை. எச்சரிக்கைக் கடிதங்கள் விளம்பர மின்னஞ்சல்களோடு சேர்ந்து கிடந்தன. நான் கவனிக்கவில்லை.

ஒருநாள் அவரிடமிருந்து போன். “தம்பி, நம்ம பேரை அடிச்சா வேற என்னமோ வருதேப்பா... என்னான்னு பாரு.”

பார்த்தபோது, அந்த முகவரியை வேறு யாரோ வாங்கிவிட்டிருந்தார்கள். டாட் காம் முகவரி காலாவதியான அன்றே போய்விடாது. பெரும்பாலான பதிவு நிறுவனங்கள், சில வாரங்கள் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடும். அதற்கும் தவறினால் 30 நாள்கள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பல மடங்கு கூடும். பிறகு 5 நாள்களில் முகவரி பொதுவுக்கு வந்துவிடும். இடையிலேயே ஏலத்தில் விட்டுவிடும் நிறுவனங்களும் உண்டு. நான் எல்லாக் கெடுவையும் கோட்டை விட்டிருந்தேன்.

டின், பாட்டில், துணிப்பை என்று எல்லாவற்றிலும் அவர் அந்த முகவரியைத்தான் அச்சடித்து வைத்திருந்தார். புது லேபிள் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால், பழைய டின்னைப் பார்த்துத் தேடி வந்து, திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது.

அன்றிலிருந்து, வாடிக்கையாளர் பெயரில்லாமல் ஒரு முகவரியும் நான் பதிவு செய்வதில்லை.

குத்தகை நிலத்தில் கிணறு வெட்டலாமா?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாம் பலன் தரக்கூடியவைதான். ஆனால், அவை குத்தகை நிலம் மாதிரி. 2020, ஜூன் 29 அன்று டிக்டாக் செயலிக்கு மத்திய அரசு தடை விதித்தது. அதில் பார்வையாளர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. சிறு கடைகளுக்காக கூகுள் இலவசமாகக் கொடுத்த வணிகப் பக்க இணையதளங்களையும், 2024 மார்ச் மாதத்தில் அந்த நிறுவனமே நிறுத்திவிட்டது. கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொண்டால், கேட்க நமக்கு உரிமையில்லை.

சொந்த முகவரி இருந்தால், தளம் எந்த சர்வரில் இருந்தாலும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பெயர் மாறாது, வாடிக்கையாளர் வழி தவறமாட்டார்.

வலைப்பூ முறையே போதும்

விவசாயிகளுக்கு நான் பெரும்பாலும் ‘வேர்ட்பிரஸ்’ மென்பொருளைத்தான் பரிந்துரைக்கிறேன். 2003-ம் ஆண்டு வலைப்பூ எழுதுவதற்காக வெளிவந்த இலவச மென்பொருள் இது. இன்று உலக இணையதளங்களில் 40 சதவிகிதத்துக்கும் மேல் இதில்தான் இயங்குகின்றன. அமைத்துக் கொடுத்தவர் போய்விட்டாலும், இதில் வேலை தெரிந்த இன்னொருவர் எளிதாகக் கிடைப்பார்.

தேதிவாரியாக எழுதும் வலைப்பூ முறை, விவசாயத்துக்குப் பொருத்தமானது. ‘இந்த வாரம் புதுக்கடலை ஆட்டியிருக்கிறோம்’, ‘மாப்பிள்ளைச் சம்பா அறுவடை முடிந்தது, அரைத்து அனுப்ப 15 நாள்கள் ஆகும்’ என்று நாலு வரி எழுதி, வயலில் எடுத்த ஒரு படத்தைப் போட்டால் போதும். ‘ஆன் சீசன்’ எது, கையிருப்பு எவ்வளவு என்பது வாங்குபவருக்குப் புரியும். அந்தப் பெயரை கூகுளில் தேடுபவர்களின் கண்ணிலும் படும். செல்போன் படங்களை அப்படியே ஏற்றாமல், அளவைக் குறைத்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால், பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார்.

களை எடுக்காவிட்டால்...

முகவரிக்கு ஆண்டுக்கு சுமார் 1,000 ரூபாய், தளத்தை வைக்கும் சர்வர் இடத்துக்கு சில ஆயிரம் ரூபாய் ஆகும். முதல் ஆண்டுச் சலுகையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கேளுங்கள். அமைப்புக் கூலி, வேலைக்குத் தகுந்தபடி மாறும்.

அமைத்ததோடு வேலை முடிந்துவிடாது. மென்பொருளையும், அதோடு சேர்த்த ‘பிளகின்’களையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய பிளகின்களில் உள்ள ஓட்டை வழியாகத்தான் திருடர்கள் பெரும்பாலும் நுழைகிறார்கள். மாதம் ஒருமுறையாவது முழுத் தளத்தையும் நகல் எடுத்து, வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். விதைநெல்லைத் தனியாக எடுத்து வைப்பது போலத்தான் இது.

உணவுப் பொருள் விற்பவர்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு எண்ணைத் தளத்தில் போட வேண்டும். முழு முகவரி, தொலைபேசி எண், நிகர எடை, விலை, புகாருக்கு யாரைத் தொடர்புகொள்வது என்பதும் இருக்க வேண்டும். 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், இணையத்தில் விற்பவர்களுக்கும் பொறுப்புகளை வகுத்துள்ளன.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

* முகவரி என் பெயரில், என் மின்னஞ்சலில், என் செல்போன் எண்ணில் பதிவாகுமா?
* பதிவு நிறுவனம், சர்வர், தளத்தின் நிர்வாகி ஆகிய மூன்று கணக்குகளின் கடவுச்சொற்களும் என் கையில் இருக்குமா?
* புதுப்பிக்கும் தேதி எது? கட்டணம் எவ்வளவு?
* நகல் எப்போது எடுப்பீர்கள்? எனக்கும் ஒரு பிரதி தருவீர்களா?
* மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் என்னென்ன வேலை அடங்கும்?
* நாளை நான் வேறு ஆளிடம் போனால், தளத்தை அப்படியே ஒப்படைப்பீர்களா?

இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள், முதல் கேள்வியை இன்றே போன் செய்து கேட்டுவிடுங்கள். ‘அதெல்லாம் நான் பார்த்துக்கிறேண்ணே’ என்று பதில் வந்தால், உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்வரை விடாதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை. விளைச்சல் மொத்தமும் கோயம்பேட்டுக்கோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ போகிறதென்றால், இந்தச் செலவு வீண். ஊருக்குள் ஐம்பது வீடுகளுக்குக் கொடுப்பவருக்கு வாட்ஸ்அப்பே போதும். வெளியூர் வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லித் தேடும் அளவுக்குச் சரக்கும் கையிருப்பும் இருப்பவர்களுக்குத்தான் தளம் லாபம்.

கடலை எண்ணெய்க்காரர் இப்போதும் என் வாடிக்கையாளர்தான். புது முகவரி அவர் பெயரிலேயே இருக்கிறது. புதுப்பிக்கும் தேதியைச் செக்குக் கொட்டகைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். தேதி நெருங்கும்போது, நான் நினைவூட்டுவதற்கு முன்னால் அவரிடமிருந்து போன் வந்துவிடுகிறது.