நம் வீட்டுச் சாவியும் இலத்தீன் வேர்களும்

தமிழ் வழியில் அறிவியல் பயின்று கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவர்க்கு முதல் ஆண்டில் பெருந்தடையாக நிற்பது பாடம் அன்று. பாடத்தில் வரும் சொற்களே. காறை எலும்பு என்று அறிந்திருந்தது 'கிளாவிக்கிள்' ஆகிவிடுகிறது. பழுப்பு நிலக்கரி 'லிக்னைட்' ஆகிவிடுகிறது. இவற்றை எழுத்தெழுத்தாக நெட்டுருப் போடுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

ஆனால் இவை காரணமின்றி இட்ட பெயர்கள் அல்ல. ஆங்கில அறிவியல் சொற்களில் மிகப் பல, கிரேக்கம், இலத்தீன் ஆகிய இரு மொழிகளின் வேர்களிலிருந்து கிளைத்தவை. அவற்றுள் சில இலத்தீன் வேர்கள் நம் ஊர்ப் பெயர்களிலும், நம் வீட்டுக்குள்ளும்கூட இருக்கின்றன.

வெள்ளாற்றின் முகத்துவாரத்தில்

புவனகிரியை ஒட்டி ஓடும் வெள்ளாறு, கிழக்கே சென்று பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் கலக்கிறது. 'பரங்கி' என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல். இவ்வூருக்குப் போர்த்துகீசியர் இட்ட பெயர் 'போர்ட்டோ நோவோ'. புதிய துறைமுகம் என்பது பொருள். 1781ஆம் ஆண்டு ஐதர் அலியும் ஆங்கிலேயரும் இங்கே மோதிய போரை வரலாற்று நூல்கள் அப்பெயராலேயே குறிக்கின்றன.

போர்த்துகீசியம் இலத்தீனின் சேய்மொழி. 'போர்ட்டுஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குத் துறைமுகம் என்று பொருள். ஆங்கிலத்தின் 'போர்ட்' இதிலிருந்து வந்ததே. வாய்ப்பைக் குறிக்கும் 'ஆப்பர்ச்சூனிட்டி'யிலும் இவ்வேர் ஒளிந்திருக்கிறது. கலத்தைத் துறைமுகம் நோக்கிச் செலுத்தும் சாதகமான காற்று என்ற கருத்தில் பிறந்த சொல் அது. 'நோவுஸ்' என்றால் புதியது. புதுமை செய்தலைக் குறிக்கும் 'இன்னொவேஷன்', புதுப்பித்தலைக் குறிக்கும் 'ரெனொவேஷன்' இரண்டும் இவ்வேரின் கிளைகள்.

வீட்டுக்குள் இலத்தீன்

போர்த்துகீசியர் கடற்கரை ஊர்களுக்குப் பெயரிட்டதோடு நிற்கவில்லை. தமிழுக்குச் சில சொற்களையும் தந்து சென்றனர். சாவி, மேசை, ஜன்னல், பேனா ஆகியவை அவ்வழியே வந்தவை.

சாவியை எடுத்துக்கொள்வோம். போர்த்துகீசிய மொழியில் 'சாவெ'. அதன் தாய், இலத்தீனின் 'கிளாவிஸ்'. இலத்தீனில் 'கிள' என்று தொடங்கிய சொற்கள் சில, போர்த்துகீசியத்தில் 'ச' என்று திரிந்தன. 'கிளாவிக்கிள்' என்பதன் பொருள் 'சிறிய சாவி'. ஆகவே நம் காறை எலும்பும் நாம் இடுப்பில் செருகும் சாவியும் சொல்லளவில் உறவினர்!

மேசை இலத்தீனின் 'மென்சா'விலிருந்து வந்தது. உயிரியலில் 'கமென்சலிசம்' என்றொரு சொல் உண்டு. ஓர் உயிர் மற்றொன்றைச் சார்ந்து பயன் பெற, மற்றதற்கு இலாபமோ நட்டமோ இல்லாத உறவு அது. சுறாவின் உடலில் ஒட்டிக்கொண்டு, அது சிந்தும் இரைத் துணுக்குகளை உண்ணும் ஒட்டுமீனை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். 'கம்' என்றால் உடன். 'மென்சா' என்றால் மேசை. ஒரே மேசையில் உடனமர்ந்து உண்பது! இனி இச்சொல் மறக்குமா?

இரண்டு அடுக்குகள்

ஆங்கிலம் இலத்தீனின் சேய்மொழி அன்று. ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் இலத்தீன் வழிவந்த பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் புகுந்தன. அறிஞர்களோ நெடுங்காலம் இலத்தீனிலேயே எழுதினர். நியூட்டன் தம் 'பிரின்சிப்பியா'வை 1687இல் இலத்தீனில்தான் வெளியிட்டார்; ஒளியியல் நூலை 1704இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

இதனால் ஆங்கிலத்தில் இரண்டு அடுக்குகள் அமைந்தன. நீர் 'வாட்டர்', நீர்வாழ் உயிர் 'அக்வாட்டிக்'. கை 'ஹேண்ட்', கையால் செய்வது 'மானுவல்'. பேச்சு ஆங்கிலம் அறிந்தவரும் பாடநூலில் தடுமாறுவது இதனால்தான். ஆங்கிலேயச் சிறுவனுக்கும் மேலடுக்கு கற்றுத் தெளிய வேண்டிய ஒன்றே.

நெய்வேலியும் தில்லையும்

கடலூர் மாவட்டத்திலேயே மேலும் இரு சான்றுகள் உள்ளன. நெய்வேலியில் வெட்டியெடுக்கும் லிக்னைட்டின் வேர் 'லிக்னும்', அதாவது மரக்கட்டை. பண்டைத் தாவரங்கள் புதையுண்டு, முழு நிலக்கரியாக மாறும் முன் உள்ள நிலையே லிக்னைட். பெயரிலேயே அதன் பிறப்பு அடங்கியுள்ளது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடுகளில் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். தாவரவியலில் அதன் பேரினப் பெயர் 'எக்ஸ்கோகேரியா'. குருடாக்குதல் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து லின்னேயஸ் அமைத்த பெயர் அது. 'கேக்குஸ்' என்றால் குருடு. பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு முனை அடைபட்ட பை போன்ற பகுதி 'சீக்கம்' எனப்படுவதும் இவ்வேரால்தான். முட்டுச் சந்துபோல் மறுபுறம் வழியில்லாத குடல் அது.

எச்சரிக்கை தேவை

வேரை அறிந்தால் எல்லாம் விளங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 'பென்' என்பது இறகைக் குறிக்கும் 'பென்னா'விலிருந்து வந்தது. முற்காலத்தில் இறகால் எழுதினர். 'பென்சில்' அதன் தம்பி போலத் தோன்றினாலும், வேர் வேறு. சிறு தூரிகை என்று பொருள்படும் 'பெனிசில்லுஸ்' அதன் மூலம். தூரிகை வடிவப் பூஞ்சையிலிருந்து கிடைத்த பெனிசிலினே பென்சிலுக்கு உண்மையான உறவு.

வேர்ப்பொருள், பெயரிட்டவரின் எண்ணத்தையே காட்டும். 1572இல் வானில் திடீரென ஒளிர்ந்த ஒன்றை டைக்கோ பிராகி புதிய விண்மீன் என்றார். 'நோவா' என்ற சொல் அவ்வழியே நிலைத்தது. ஆனால் அது புதிதாய்ப் பிறந்த விண்மீன் அன்று. பழைய விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறிய காட்சியே என இன்று அறிவோம்.

எனவே வேர் தரும் பொருளை ஊகமாகக் கொண்டு, அகராதியிலும் பாடத்திலும் சரிபார்த்தல் வேண்டும். ஒரு குறிப்பேட்டில் பக்கத்துக்கு ஒரு வேரை எழுதி, படிக்கும்போது எதிர்ப்படும் சொற்களை அதனதன் பக்கத்தில் சேர்த்து வாருங்கள். முதல் பக்கத்தில் 'கிளாவிஸ் – சாவி' என்றே தொடங்கலாம்.