செங்காந்தள் கிழங்கைப் பிரிக்கும் நேரம்

மூலனூர், தாராபுரம் பக்கம் ஐப்பசியில் போனால் கம்பிப் பந்தலிலும் கிளுவைக் குச்சியிலும் செங்காந்தள் பூத்துக் கிடக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர், வளர்க்கிறவர்கள் வாயில் அதன் பெயர் கண்வலி. விதைக்காகவே பயிரிடுகிறார்கள். சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டுப் பக்கவாட்டில் வளைந்து நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையில் பூப்பூவாய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும்.

கோவையில் பல வீட்டு வேலியோரங்களிலும் இது உண்டு. நாலைந்து வருடம் தொடாமல் விட்டால் கொடிகள் நெருக்கியடித்து முளைக்கும், பூ குறையும். காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. கிழங்கு கவட்டைபோல இரண்டு கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த முளை கொடியாகும்போது தாய்க்கிழங்கு சத்தையெல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகும். கொடியின் அடியில் புதுக் கவட்டை ஒன்று உருவாகும். இரண்டு முளையும் பிழைத்தால் அடுத்த வருடம் ஒன்று இரண்டாகும், அதற்கடுத்த வருடம் நான்காகும்.

கொடி காய்ந்து கிழங்கு உறங்கும் கோடைதான் பிரிக்க ஏற்ற காலம். தண்டிலிருந்து ஓரடி தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்ணோடு நெம்பிக் கையால் உதிர்க்க வேண்டும். உருளைக்கிழங்குக்குப் பல கண்கள். இதற்கு நுனிதான் எல்லாம். நுனி ஒடிந்த கிளை முளைக்காது, கிழங்கோ லேசாகத் தட்டினாலே ஒடிகிற பக்குவம். பெரிய கவட்டையை இரண்டாக்கி, வெட்டுவாய் நிழலில் உலர்ந்தபின் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் நனைத்து ஆடிப்பட்டத்தில் நடலாம். 50, 60 கிராம் கிழங்கு அந்த வருடமே பூக்கும். சிறியதைத் தனியே நட்டுக் காத்திருக்க வேண்டும். ஒன்றரை அடி இடைவெளி போதும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

இப்படி வருடந்தோறும் பெருகும் செடிதான், செல் பிரிவதை நிறுத்தும் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளையும் தனக்குள் வைத்திருக்கிறது. செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் அது தடுத்துவிடும். இழுக்க ஆளில்லாத குரோமோசோம்கள் ஒரே செல்லில் இரட்டிப்பாகத் தங்கிவிடும். 1937-இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் இதைப் பயன்படுத்திச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டித்துக் காட்டினார்கள். விதையில்லாத் தர்பூசணி பிறந்தது அந்த வழியில்தான். கீல்வாதத்தில் ஒரு வகையான கவுட்டுக்கு கோல்ச்சிசின் பழைய மருந்து. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 0.5 மில்லிகிராம் மாத்திரையை இதயநோயாளிகளுக்கும் அனுமதித்தது.

மருந்தின் அளவே மில்லிகிராமில் என்றால், கிழங்கைத் தின்றால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாந்தி, பேதியில் தொடங்கி உள்ளுறுப்புகள் செயலிழக்கும். இதற்கென்று எளிதில் கிடைக்கும் முறிமருந்து கிடையாது. அதனால் கையுறை போட்டுத் தோண்டுங்கள். தோண்டிய கிழங்கைச் சர்க்கரைவள்ளி, சேனை வைக்கும் கூடையில் போடாதீர்கள். பெயர் எழுதி, குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், கைவைத்தியம் பார்க்காமல் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.